முப்பது நொடி ஓட்டமும் மீதி வாழ்நாளும்

(மட்டாஞ்சேரித் தமிழ் மக்கள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இன்றைய பொருள் பந்தய நாய். கிரேஹவுண்ட் என்னும் வேட்டை நாயை வைத்து உலகில் ஒரு பெருந்தொழில் நடக்கிறது. அந்தத் தொழிலில் நாய்க்கு நேர்வது என்ன, அது நியாயமா, இந்தியச் சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதே இந்த உரை.

கேரளத்தில் கிரேஹவுண்ட் ஓட்டக்களம் கிடையாது. பணம் கட்டி ஆட உரிமம் பெற்ற நாய்ப் பந்தயக் களம் இந்தியாவில் எங்குமே கிடையாது. பிறகு மட்டாஞ்சேரியில் இதைப் பேசுவானேன்? காரணம் இருக்கிறது. இங்கே படகேறிக் காயலைக் கடந்தால் எறணாகுளம். வேடிக்கைக்காக ஒரு விலங்கைப் பழக்குவதற்கு எல்லை உண்டா என்ற கேள்வி அங்குள்ள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2000ஆம் ஆண்டில் அதற்குப் பதிலும் கிடைத்தது. அந்த வழக்கின் முன்கதையில் நாயும் இருக்கிறது. அந்தக் கதைக்குப் போகுமுன் நாயைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிரேஹவுண்ட் மோப்பத்தை நம்பி வேட்டையாடும் நாய் அல்ல. கண்ணை நம்பி வேட்டையாடும் நாய். கண்ணில் பட்டது ஓடினால் இதுவும் ஓடும். நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, வில்லாய் வளையும் முதுகு. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய உடல் அது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும். உடல் அளவோடு ஒப்பிட்டால் இதயம் பெரிது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு மற்ற நாய்களைவிட அதிகம். தோலோ மெல்லியது, கொழுப்பு மிகக் குறைவு. வெறும் தரையில் படுத்தால் எலும்பு உறுத்திப் புண்ணாகும். மயக்க மருந்துகளில் சில மற்ற நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும் அளவில் இதற்கு ஒத்துக்கொள்ளாது. இத்தனை வேகம் உள்ள நாய், வீட்டில் வளர்ந்தால் நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்கும். குணத்தில் சாது.

விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துச் சிப்பிப்பாறையும் கன்னியும் இதே உடல்வாகு கொண்டவை. கரிசல் காட்டில் முயலுக்குப் பின்னால் ஓடிய நாய்கள் அவை. ஆகவே கிரேஹவுண்டின் கதை தமிழருக்கு அயல்நாட்டுக் கதை மட்டும் அல்ல.

இனி, பந்தயம். பிரிட்டனில் ஒரு பந்தயத்துக்கு ஆறு நாய்கள். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் எட்டு. பிரிட்டனில் ஒன்றாம் எண் நாய்க்குச் சிவப்பு மேலாடை, இரண்டுக்கு நீலம், மூன்றுக்கு வெள்ளை, நான்குக்குக் கறுப்பு, ஐந்துக்கு ஆரஞ்சு, ஆறுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு. வாய்க்குக் கூடு மாட்டி, ஒவ்வொன்றையும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் தள்ளிப் பின்கதவை மூடுகிறார்கள். தடத்தின் ஓரத்தில் தண்டவாளத்தின் மேல் ஒரு பொம்மை முயல் கிளம்பி வருகிறது. அது பெட்டியைத் தாண்டும் கணத்தில் முன்கதவு திறக்கிறது. 480 மீட்டர் தூரம். ஏறத்தாழ முப்பது நொடி. முடிந்துவிட்டது.

அந்த முப்பது நொடியில் ஆபத்தான இடம் எது? முதல் வளைவு. நேர்த்தடத்தில் வேகம் எடுத்த ஆறு உடல்கள் ஒரே இடத்தை நோக்கி உள்பக்கம் ஒதுங்குகின்றன. ஒன்று தடுமாறினால் பின்னால் வரும் இரண்டு அதன் மேல் விழும். விழாத நாய்க்கும் ஆபத்து உண்டு. தடம் எப்போதும் இடப்புறமாகவே வளைகிறது. ஒரே பக்கமாக வளைந்து வளைந்து ஓடும் நாயின் வலது பின்னங்கால் கணுவில், மனிதர் கட்டைவிரல் நுனி அளவுள்ள ஒரு சிறு எலும்பின் மேல் திரும்பத் திரும்பச் சுமை ஏறுகிறது. ஒருநாள் அது நொறுங்குகிறது. பந்தய நாய்களைப் பார்க்கும் மருத்துவர்கள் நன்கு அறிந்த முறிவு இது. அறுவை செய்து சரிப்படுத்தலாம். ஆனால் சரியான நாய் நடக்குமே தவிர, முன்போல் வெல்லாது. வெல்லாத நாய்க்கு அறுவைச் செலவு செய்பவர் யார்?

இந்தக் கேள்விதான் இந்தத் தொழிலின் மையம். பந்தயத்தைக் கண்டிப்பவர்கள் பலர் ஓட்டத்தையே கண்டிக்கிறார்கள். அது பிழை. ஓடுவது அந்த நாயின் இயல்பு. ஓடும்போது அது துன்பப்படுகிறது என்று சொல்ல முடியாது. துன்பம் அந்த முப்பது நொடிக்கு முன்னால் இருக்கிறது. அதைவிடப் பெரிய துன்பம் அதற்குப் பின்னால் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வயது அதிகம் இல்லை. பழைய முறையில் இரண்டு நாய்களை உயிருள்ள முயலின் மேல் ஏவிவிடுவார்கள். இங்கிலாந்தில் 1836இல் தொடங்கிய வாட்டர்லூ கோப்பை அப்படிப்பட்ட போட்டி. 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் வந்த பிறகு 2005இல் நின்றது. இதற்கிடையில் அமெரிக்காவில் ஓவன் பாட்ரிக் ஸ்மித் என்பவர் பொறியால் ஓடும் பொம்மை முயலை உருவாக்கினார். கலிபோர்னியாவின் எமரிவில்லில் 1919இல் அதை வைத்து வட்டத் தடம் திறந்தார். உயிருள்ள முயலைக் காப்பாற்றும் எண்ணமும் அவருக்கு இருந்தது. 1926 ஜூலை 24 அன்று மான்செஸ்டரின் பெல் வியூ களத்தில் பிரிட்டனின் முதல் வட்டத் தடப் பந்தயம் நடந்தது. குதிரைப் பந்தயம் பணக்காரருக்கு. நாய்ப் பந்தயம் ஆலைத் தொழிலாளிக்கு என்று ஆயிற்று. 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் நாய்ப் பந்தயத்தின் உச்சப் போட்டியான டெர்பியை வென்ற மிக் தி மில்லர் என்ற நாய், நாடே அறிந்த பெயரானது. இறந்த பின் அதன் உடலைப் பதப்படுத்தி அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். இன்றும் டிரிங் நகரில் பார்க்கலாம். வென்ற நாய்க்குக் கிடைத்த மரியாதை அது. தோற்ற நாய்களுக்கு என்ன கிடைத்தது?

கணக்குப் பார்க்க வேண்டும், அவையோரே. கிரேஹவுண்ட் பன்னிரண்டு ஆண்டு வரை வாழக்கூடியது. ஒன்றரை வயதுக்குள் ஓடத் தொடங்கும். மூன்று, நான்கு வயதில் ஓட்டம் முடியும். மீதி எட்டு ஆண்டுக்கு அதற்குச் சோறு போடுபவர் யார்? ஓர் ஈற்றில் ஆறு, ஏழு குட்டிகள் பிறந்தால் எல்லாமா வேகமாக ஓடும்? ஓடாத குட்டிகளுக்கு ஒன்றரை வயதிலேயே அந்தக் கேள்வி வந்துவிடுகிறதே, பதில் என்ன?

பதிலை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் அரசு விசாரணை மூலமே வெளியிட்டது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி மைக்கேல் மெக்ஹியூ தலைமையிலான ஆணையம் 2016இல் அறிக்கை தந்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த மாநிலத்தில் பிறந்த பந்தய நாய்க்குட்டிகள் 97,783. அவற்றில் வேகம் போதாது, பந்தயத்துக்குத் தகுதி இல்லை என்று கொல்லப்பட்டவை குறைந்தது 48,891, கூடினால் 68,448. பாதியிலிருந்து பத்தில் ஏழு பங்கு வரை. நோயால் செத்தவை அல்ல. வயதால் செத்தவை அல்ல. மெதுவாக ஓடியதால் செத்தவை.

இங்கிலாந்திலும் இதே கதை. டர்ஹாம் பகுதியின் சீஹாம் ஊரில் ஒருவர், நாய்க்குப் பத்துப் பவுண்டு கூலி வாங்கிக்கொண்டு பந்தய நாய்களை, மண்டைக்குள் இரும்பு முளையைச் செலுத்தும் போல்ட் துப்பாக்கியால் கொன்று தம் நிலத்தில் புதைத்து வந்ததை 2006இல் ஒரு செய்தித்தாள் வெளிப்படுத்தியது. பதினைந்து ஆண்டுகளில் பத்தாயிரம் நாய்கள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. வழக்கு நடந்தது, தண்டமும் விதித்தார்கள். எதற்கு? கொன்றதற்கு அல்ல. அனுமதி இல்லாமல் நிலத்தில் புதைத்ததற்கு. சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்த நலமான நாயை வலியின்றிக் கொல்வது அந்த நாட்டுச் சட்டத்தில் குற்றமாகவே இல்லை.

வலியில்லாத சாவுகூட எல்லா நாய்க்கும் வாய்க்கவில்லை. பந்தய நாயின் காதில் பச்சை குத்தி எண் போடுவது வழக்கம். எண்ணைக் கொண்டு சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிடலாம். 2004இல் வேல்ஸ் நாட்டின் ஒரு மலைச்சரிவில் ஒரு கிரேஹவுண்ட் கிடந்தது. தலையில் போல்ட் துளை. இரண்டு காதும் அறுக்கப்பட்டிருந்தன. உயிர் போகவில்லை. கண்டெடுத்தவர் அருகே போனபோது அது வாலை ஆட்டியது. மருத்துவர் வந்து ஊசி போட்டு அதன் துன்பத்தை முடித்தார். அந்த வழக்கில் ஒருவர் சிறைக்குப் போனார்.

ஓட்டத்துக்கு முன்னால் இருக்கும் துன்பத்தைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்கக் களங்களில் நாய்கள் நாளில் இருபது மணி நேரத்துக்கும் மேல் அடுக்குக் கூண்டில் கிடந்தன. மனிதர் உண்ணத் தகாதது என்று ஒதுக்கிய, நோயுற்றும் தானாகச் செத்தும் போன கால்நடைகளின் பச்சை இறைச்சி தீனியாயிற்று. பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால் பந்தயம் தடைப்படும் என்று ஆண் ஹார்மோன் கொடுத்தார்கள். 2017இல் புளோரிடாவில் ஓடிய நாய்களின் சிறுநீரில் கொக்கெய்ன் இருந்தது.

பொம்மை முயல் வந்ததால் உயிருள்ள முயல் பிழைத்ததா? 2015 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஏபிசி தொலைக்காட்சி மறைகேமராப் படங்களை ஒளிபரப்பியது. பயிற்சிக் களத்தில் பன்றிக்குட்டியையும் முயலையும் போசம் என்னும் மரவிலங்கையும் உயிரோடு பொறியில் கட்டிச் சுற்றவிட்டு, நாய்களைக் குதறவிட்டிருந்தார்கள். இரத்தச் சுவை கண்ட நாய் வேகமாக ஓடும் என்பது நம்பிக்கை. ஸ்மித் எதை ஒழிக்க எண்ணிப் பொம்மை முயலைச் செய்தாரோ, அது வேலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தது.

இத்தனையும் தெரிந்த பின் நாடுகள் என்ன செய்தன? ஒரே வழியில் போகவில்லை. நியூ சவுத் வேல்ஸ் முதல்வர் மைக் பேர்ட் 2016 ஜூலையில் தடையை அறிவித்தார். தொழிலில் உள்ளவர்களும் ஊரகக் கட்சியினரும் எதிர்த்து எழ, அதே ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெற்றார். தலைநகர் கான்பெரா இருக்கும் பகுதி 2018இல் தடை செய்தது. புளோரிடாவில் 2018 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு. 69 விழுக்காட்டினர் பந்தயத்தை நிறுத்தச் சொன்னார்கள். 2020 டிசம்பர் 31உடன் நின்றது. மக்காவ் நகரின் கானிட்ரோம் களம் 2018இல் மூடப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து நாய்கள் வரும். தோற்ற நாயைத் தத்துக் கொடுக்கும் ஏற்பாடே அங்கே இருக்கவில்லை. உள்ளே போன நாய் வெளியே வந்ததில்லை. மூடிய அன்று மிச்சம் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களை விலங்கு நல அமைப்பினர் பொறுப்பேற்று ஒவ்வொன்றாக வீடு சேர்த்தார்கள்.

நியூசிலாந்து செய்தது தனியே சொல்லத்தக்கது. பத்தாண்டுக்குள் மூன்று விசாரணைகள் நடந்தன. திருந்தக் காலம் கொடுத்தார்கள், திருத்தம் போதவில்லை. 2024 டிசம்பரில் அரசு முடிவை அறிவித்தது: 2026 ஜூலை 31உடன் பந்தயம் நிற்க வேண்டும். அதோடு விடவில்லை. தடை வருகிறது என்றதும் நாய்களைக் கொன்று தீர்த்துவிடக் கூடாது என்று, அப்படிக் கொல்வதைக் குற்றமாக்கும் சட்டத்தையும் உடனே நிறைவேற்றியது. இடையில் உள்ள மாதங்கள் மூவாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நாய்களுக்கு வீடு தேட. பந்தயத்தை நிறுத்துவது பாதி வேலை. நாயைக் காப்பது மீதி வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்ததால் அந்த முடிவு மற்றவற்றைவிட உயர்ந்தது.

இந்தியாவுக்கு வரலாம். பஞ்சாபில் கிரேஹவுண்ட் ஓட்டம் ஊர் விளையாட்டு. லூதியானா அருகே கிலா ராய்ப்பூரில் 1933 முதல் நடந்துவரும் ஊரக விளையாட்டு விழாவில் மாட்டுவண்டியோடு நாய் ஓட்டமும் இடம்பெற்றது. அறுவடை முடிந்த வயலில் நேர்த்தடம் போட்டு, கயிற்றில் கட்டிய பொம்மையை இயந்திரம் இழுக்க, நாய்கள் துரத்தும். தென் தமிழ்நாட்டிலும் சில ஊர்களில் கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு ஓட்டப்போட்டி வைக்கிறார்கள். அதைவிடப் பழைய வழக்கம் முயல் வேட்டை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் முதோல், இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்னார். மறந்துபோன நாட்டு நாய்களை நாடு திரும்பிப் பார்த்தது நல்லது. ஆனால் தேவை ஏறினால் குட்டி போடவைப்பதும் ஏறும். குட்டிகள் பெருகும் இடத்தில் கழித்துவிடப்படும் குட்டிகளும் பெருகும். நியூ சவுத் வேல்ஸில் நடந்தது கோவில்பட்டியில் நடக்காது என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எறணாகுளம் வருகிறது.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டுச் சட்டம். மதுரையில் பிறந்து சென்னையில் கலாக்ஷேத்ராவைக் கட்டியெழுப்பிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்ததிலிருந்து அது பிறந்தது. பிரதமர் நேரு அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதி சொன்னதால் அவர் மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1962இல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே. அந்தச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, வேடிக்கை காட்டப் பழக்கக் கூடாத விலங்குகளை மத்திய அரசு பட்டியலிடலாம் என்கிறது.

அந்த அதிகாரத்தைக் கொண்டு 1991 மார்ச் 2 அன்று ஓர் அறிவிப்பு வந்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, நாய் ஆகிய ஐந்தையும் பழக்கவும் காட்சிக்கு வைக்கவும் தடை. ஆம், நாயும் இருந்தது. சர்க்கஸ் உரிமையாளர்கள் தில்லி உயர் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று திருத்த அறிவிப்பு வந்தது. நாயின் பெயர் நீங்கியது. ஐந்து மாதம் பட்டியலில் இருந்த நாய் வெளியே போனது. அதன் பின் சேரவே இல்லை. 1998 அக்டோபர் 14இல் வந்த இறுதி அறிவிப்பில் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இருந்தன.

அதை எதிர்த்த வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இந்தியச் சர்க்கஸின் தாய்வீடு தலச்சேரி. ஆகவே வழக்கு கேரளத்துக்கு வந்ததில் வியப்பில்லை. தொழில் செய்யும் உரிமை பறிபோகிறது என்பது சர்க்கஸ்காரர் வாதம். 2000 ஜூன் 6 அன்று நீதிபதி நாராயண குரூப் உள்ளிட்ட அமர்வு அதை ஏற்க மறுத்தது. கூண்டில் அடைபட்டு, பசியிலும் அச்சத்திலும் வலியிலும் பழக்கப்படும் விலங்கின் வாழ்க்கையை நீதிமன்றம் விரிவாகப் பேசியது. விலங்குக்குக் கருணை காட்டுவது மட்டும் மனிதர் கடமை அல்ல, அதன் உரிமையை ஏற்றுக் காப்பதும் கடமை என்றது. மனிதருக்கு அடிப்படை உரிமை இருந்தால் விலங்குக்கு ஏன் இருக்கக் கூடாது என்றும் கேட்டது. 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

அந்தக் கேள்வி எறணாகுளத்தோடு நிற்கவில்லை. 2011இல் காளையின் பெயர் அதே பட்டியலில் சேர்ந்தது. 2014 மே 7 அன்று ஜல்லிக்கட்டைத் தடைசெய்து தீர்ப்பு எழுதிய உச்ச நீதிமன்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் முன்பு கேரள உயர் நீதிமன்றத்தில் இருந்தவர். பசியும் தாகமும் இன்மை, இருப்பிடத் தொல்லை இன்மை, வலியும் காயமும் நோயும் இன்மை, அச்சம் இன்மை, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு என்ற ஐந்து விடுதலைகளை அந்தத் தீர்ப்பு விலங்குகளுக்கு உரியவை என்றது. கேரள வயல்களில் நடக்கும் மாட்டு ஓட்டமான மரமடியும் அதோடு நின்றது.

இங்கே அவையில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஜல்லிக்கட்டை அனுமதித்துவிட்டதே, நாய் ஓட்டத்துக்கு மட்டும் ஏன் தடை கேட்க வேண்டும்? அந்த அமர்வு ஏற்றுக்கொண்டது தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்கள் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு கொண்டுவந்த திருத்தங்களை. அவை ஜல்லிக்கட்டு, கம்பளா, மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவற்றுக்கு மட்டுமே உரியவை. நாய் ஓட்டத்தை அவற்றுக்குள் நுழைக்க இடம் இல்லை. குதிரைப் பந்தயம் திறமைக்கான ஆட்டம் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது குதிரையைப் பற்றித்தான். நாயைப் பற்றி அல்ல.

அப்படியானால் இன்றைய நிலை? நாய் 22ஆம் பிரிவுப் பட்டியலில் இல்லை. ஆனால் சட்டத்துக்கு வெளியேயும் இல்லை. பொதுமக்கள் கூடும் வேடிக்கைக்கு விலங்கைப் பயன்படுத்துபவர் 2001ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் ஓடவிட்டால் குற்றம். உயிருள்ள முயலை இரையாகக் கட்டுவதும், ஒரு விலங்கை மற்றொன்றின் மேல் ஏவிவிடுவதும் 11ஆம் பிரிவில் குற்றம். முயல் காட்டு முயலானால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பட்டினியில் வாடும்படி நாயைக் கைவிடுவதும் குற்றம். நாய் வளர்த்து விற்போருக்கு 2017ஆம் ஆண்டு விதிகள் உண்டு: பதிவு வேண்டும், பெட்டை பதினெட்டு மாதம் நிறையுமுன் சினைப்படுத்தக் கூடாது, வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.

சட்டம் நிறைய இருக்கிறது. தண்டனை? 11ஆம் பிரிவில் முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை அபராதம். பல பத்தாண்டுகளாக அந்தத் தொகை மாறவில்லை. சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கும் நாட்டில், அதைப் பட்டினி போட்டுக் கைவிடுவதற்கு ஐம்பது ரூபாய். இது வெட்கப்பட வேண்டிய நிலை.

கேரள உயர் நீதிமன்றம் நாயின் பக்கமும் நின்றிருக்கிறது என்பதும் சொல்லப்பட வேண்டும். 2021இல் திருவனந்தபுரம் அடிமலத்துறைக் கடற்கரையில் புரூனோ என்ற லாப்ரடார் நாயைத் தூண்டிலில் மாட்டி அடித்துக் கொன்றார்கள். உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்து, அந்த வழக்குக்கு அந்த நாயின் பெயரையே வைத்தது.

பந்தயத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று வலுவானது; அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஓட்டம் இல்லாவிட்டால் இந்த இனங்களே அழிந்துவிடும் என்பது அது. கன்னியும் சிப்பிப்பாறையும் வேகத்துக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை என்பது உண்மை. ஆனால் கரிசல் வீட்டில் அந்த நாய் ஓடிய நாளும் வீட்டு நாய்தான், ஓடாத நாளும் வீட்டு நாய்தான். கம்மங்கூழில் பங்கு உண்டு. பட்டிக்குக் காவல் உண்டு. கிழடானாலும் திண்ணை உண்டு. வேகம் குறைந்ததும் அதற்கு வேலை இல்லை என்று ஆகவில்லை. பணத்துக்கு நடக்கும் பந்தயம் அறுத்தெறிவது அந்த உறவை. ஓட்டத்தை மட்டும் காப்பாற்றிவிட்டு நாயைக் கைவிடும் ஏற்பாட்டுக்கு இனப் பாதுகாப்பு என்று பெயர் வைப்பது தகாது.

தொழிலில் உள்ளவர்கள் நாயை நேசிக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். பலர் நேசிக்கிறார்கள், ஐயம் இல்லை. ஆனால் ஓட்டம் முடிந்த நாய் எல்லாவற்றையும் ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ள அவர்களால் முடியாது. வைத்துக்கொண்டால் அடுத்த குட்டிகளுக்கு இடம் இருக்காது, தொழில் நடக்காது. தனிமனிதர் அன்பால் இந்தக் கணக்கைச் சரிசெய்ய முடியாது என்பதைத்தான் மெக்ஹியூ ஆணையத்தின் எண்கள் காட்டுகின்றன. வளைவில்லாத நேர்த்தடம், பந்தயத்துக்கு ஆறு நாய் என்ற திருத்தங்களை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். அவை கால் எலும்பைக் காக்கலாம். மீதி எட்டு ஆண்டைக் காக்காது.

ஆகவே இந்தியாவில் இந்தத் தொழில் வேர்விடும் முன்பே வழியடைக்க வேண்டும். 1991 ஆகஸ்டில் எடுத்த நாயின் பெயரைப் பந்தயத்தைப் பொறுத்த மட்டிலாவது 22ஆம் பிரிவுப் பட்டியலில் மத்திய அரசு மீண்டும் சேர்க்க வேண்டும். காவல் துறை, இராணுவ நாய்களுக்கு இதனால் இடையூறு வராது. 27ஆம் பிரிவு அவற்றுக்கு விலக்கு தந்திருக்கிறது. அபராதத் தொகையை நாடாளுமன்றம் இன்றைய மதிப்புக்கு உயர்த்த வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது அவையில் உள்ளவர்கள் கையிலும் இருக்கிறது. ஊர்த் திருவிழாவில் நாய் ஓட்டம் என்று விளம்பரத் தட்டி கட்டினால், விலங்கு நல வாரியப் பதிவைக் காட்டச் சொல்லுங்கள்; இல்லையென்றால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். கன்னியோ சிப்பிப்பாறையோ வாங்கப் போனால் வளர்ப்பவரின் பதிவுச் சான்றைக் கேளுங்கள். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு இது எத்தனையாவது ஈற்று என்றும், போன ஈற்றுக் குட்டிகள் இப்போது எங்கே என்றும் கேளுங்கள். பதில் வராத இடத்தில் குட்டி வாங்காதீர்கள்.